மூணாவது வாரம் யார் பார்ப்பா?

"ஹவுஸ் சர்ஜன் முடிச்சதும் நான் ஆப்பிரிக்கா போறேன்!"

பொங்கலுக்கு சேந்தமங்கலத்தில் எங்க அம்மாயி வீட்டில் மொத்தக் குடும்பமும் கூடியிருந்தபோது, பெரியம்மா பொண்ணு இப்படி ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டாள். இரண்டு வாரம், ஏழை நாடு ஒன்றில், இலவச மருத்துவ முகாம். பணம் கட்டினால் தங்குமிடம், சாப்பாடு, சுற்றிப் பார்க்க ஒருநாள் என்று எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறார்களாம்.

"கண்ணாலம் எப்படி பண்றது?" என்று பெரியம்மா ஆரம்பிக்க, "ஏ... சிங்கத்தோட போட்டோ எடுத்து அனுப்புக்கா" என்று நாங்கள் கலாய்க்க, மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயி மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"ஏங் கண்ணு, ரெண்டு வாரம் வைத்தியம் பாத்துப்போட்டு நீ ஊருக்கு வந்துருவே. மூணாவது வாரம் காய்ச்சல் வந்தவன் யாருகிட்டப் போவான்?"

வீடே கப்சிப். அக்காவிடம் பதில் இல்லை. எங்களிடமும்தான்.

இத்தனைக்கும், வெளிநாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன ஒருவர் அந்த 'மூணாவது வாரம்' கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பே சந்தித்திருக்கிறார். எங்கே தெரியுமா? இதே சேந்தமங்கலத்தில். அவருக்கு நாம்தான் ஆப்பிரிக்கா!

கொத்தனார் டாக்டர்!

அவர் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். இங்கிலாந்துக்காரர். பரம்பரையாகக் கட்டட வேலை செய்த குடும்பம். 1907-ல் மிஷனரியாக இந்தியா வந்து, நம்ம சேந்தமங்கலம் பகுதியில் வேலை செய்தார். முதலில் வந்தது மதம் பரப்பத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த மக்களைப் பார்த்ததும் அவர் மனசு மலை ஏறிவிட்டது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் மேலே ஒரு டாக்டர்கூட இல்லை என்ற நிலைமை.

ஜெஸ்ஸியும் எம்.பி.பி.எஸ். படித்தவர் இல்லை. லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில், தொலைதூர நாடுகளுக்குப் போகும் மிஷனரிகளுக்கென்று நடத்தப்பட்ட குறுகிய மருத்துவப் பயிற்சி மட்டும்தான். அந்தக் கைச்சரக்கோடுதான் 1913-ல், கல்யாணமான கையோடு, மனைவி ஈவ்லினை அழைத்துக்கொண்டு மலைமேல் குடியேறினார். ஈவ்லின், லண்டனில் வசதியான வீட்டுப் பொண்ணு.

இன்றைக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினால், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றினாலும் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். அன்றைக்கு அந்த ரோடே கிடையாது. நடக்கணும், அல்லது டோலி.

பல்லைப் பிடுங்குவது, பிரசவம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மலேரியாவுக்கு மருந்து கொடுப்பது என்று எல்லாமே ஒரே ஆள். இப்போது 'ஃபேமிலி மெடிசின்' என்று எம்.டி. படிப்பே இருக்கிறது இல்லையா... அந்த வேலையை மரத்தடியில் செய்திருக்கிறார் மனிதர். பல வருடங்களாக ஒருவர்கூட அவர் மதத்துக்கு மாறவில்லை. ஆனாலும் வைத்தியம் நிற்கவில்லை.

1918-19-ல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் மலைக்கும் வந்தது. அதற்கு அன்றைக்கு மருந்தே கிடையாது. மருந்து இல்லாத நோய்க்கு டாக்டர் என்ன செய்ய முடியும்? ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அரிசிக் கஞ்சி காய்ச்சினார்கள். ஊர் ஊராகத் தூக்கிப் போய், எழுந்திருக்கவும் தெம்பில்லாமல் கிடந்தவர்களுக்கு ஊட்டினார்கள். கஞ்சியும் தண்ணீரும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தாலே பிழைத்துக்கொள்ளக் கூடியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் வைத்தியம்.

ஈர்க்குச்சியும் கிணற்றுச் சுவரும்

இனிமேல்தான் மெயின் மேட்டர். உங்களில் எத்தனை பேருக்கு 'நரம்புச் சிலந்தி' தெரியும்? எனக்கும் தெரியாது. அம்மாயிக்குத் தெரிந்திருந்தது.

"எங்கம்மாளுக்குக் கால்ல வந்துருக்குது. நூலாட்டம் வெளிய வருமாமா. ஈர்க்குச்சில சுத்திச் சுத்தி எடுப்பாங்களாமா. அறுந்துபோச்சுன்னா கால் வீங்கி, மாசக்கணக்குல படுக்கைதான்!"

கேட்டதும் சாப்பிட்ட பொங்கல் வெளியே வந்துவிடும்போல இருந்தது. ஆனால், அறிவியல்படி அம்மாயி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கினி வேர்ம் என்ற புழு அது. தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டிப் பூச்சிகளுக்குள் அதன் இளம்புழுக்கள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் புழு நம்ம உடம்புக்குள் வளரும். சுமார் ஒரு வருடம் கழித்து, ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்த பெண் புழு பெரும்பாலும் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலையை நீட்டும். நெருப்பு மாதிரி எரியும். எரிச்சல் தாங்காமல் ஆள் என்ன செய்வார்? தண்ணீரில் காலை வைப்பார். அந்த நொடிக்காகத்தான் புழு காத்திருக்கிறது! லட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அதே தண்ணீரை ஊரே குடிக்கும். அடுத்த வருடம் ரிப்பீட்டு.

இந்தப் புழுவைக் கொல்ல இன்றுவரை மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியில் சுற்றி இழுப்பதுதான் ஒரே வழி.

ஜெஸ்ஸியும் அப்படித்தான் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு எடுத்து முடித்தால் இன்னொருவர் வருவார். போன வருடம் வந்தவரே மறுபடி வருவார். இப்படியே ஆயுசுக்கும் இழுத்துக்கொண்டே இருக்கலாம், ஊரில் நல்ல பெயரும் கிடைக்கும். ஆனால், நோய் காலில் இல்லை, கிணற்றில் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. படி இறங்கி, தண்ணீரில் கால் வைத்து மொள்ளும்வரை இது தீராது. உள்ளே இருந்த கட்டட வேலைக்காரர் முழித்துக்கொண்டார். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்ட மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, வாளியில்தான் இறைக்கணும். அவ்வளவுதான்!

ஒரு டாக்டர் செய்த ஆகச்சிறந்த வைத்தியம், ஒரு சிவில் இன்ஜினீயரிங் வேலை. சிவில் படிக்கும் நண்பர்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

இதே சூத்திரம்தான் பிறகு நாடு முழுக்கவும் ஜெயித்தது. 1980-களில் இந்திய அரசு நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, படிக்கிணறுகளை இறைக்கும் கிணறுகளாக மாற்றுவதும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்வதும்தான் முக்கிய ஆயுதங்கள். கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-ல் இந்தியாவில் இந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. உலக அளவில் 1986-ல் வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு வந்த நோய், 2024-ல் வெறும் 15 பேருக்கு. ஒரு மாத்திரைகூட இல்லாமல்!

'ரிட்டயர்' ஆன பாட்டி

1929-ல் மலேரியா முற்றி வரும் பிளாக்வாட்டர் காய்ச்சல் தாக்கி, 44 வயதில் கொல்லிமலையிலேயே இறந்துபோனார் ஜெஸ்ஸி. அப்போது மகன் பாலும் மகள் கோனியும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். 'இனி எதுக்கு அந்தக் காட்டில்?' என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். ஈவ்லின் நினைக்கவில்லை. கொஞ்ச காலம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு மறுபடியும் நம்ம ஊருக்கே திரும்பி வந்தார்.

1947-ல் அவருக்கு 68 வயது. 'போதும், ஓய்வெடுங்கள்' என்றது மிஷன். 'சரி, ரிட்டயர் ஆகிக்கறேன்' என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டிய பாட்டி, அடுத்து செய்ததுதான் அதிரடி. மிஷனின் தயவே இல்லாமல் சொந்தமாகக் கொல்லிமலைக்குக் குடியேறிவிட்டார்! கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி என்று மலை மலையாகக் குதிரையில் சுற்றி மருந்து கொடுத்தார். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிரபல சர்ஜனாகிவிட்ட மகனே வந்து 'இனிமேல் வேண்டாம்மா' என்று கெஞ்சியும் கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டார். 1974 டிசம்பரில், 95-வது வயதில்தான் அவர் உண்மையாகவே 'ரிட்டயர்' ஆனார்.

மகன் என்றதும்... அது தனிக் கதை. 1914-ல் பிறந்து கொல்லிமலையில் ஓடி விளையாடிய பால் பிராண்டுக்கு டாக்டர் வேலை என்றாலே குமட்டல். அப்பா சீழ் எடுப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்பு. அதனால் அவரும் கட்டட வேலைதான் கற்றுக்கொண்டார், அதுவும் ஐந்து வருடங்கள்! அதன்பின், அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரிப் பயிற்சியில் மனசு மாறி, லண்டனில் முழு மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றி வைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்கின்றன என்பதையும் உலகத்துக்குப் புரிய வைத்தவர்களில் முக்கியமானவர். குறுகிய கால வேலை என்று வந்தவர், 1966 வரை இங்கேயேதான் இருந்தார்.

நாமும் போயிருக்கோம் பாஸ்!

'வெள்ளைக்காரர்கள்தான் வந்தார்களா, நாம யாரும் போகலையா?' என்று கேட்கிறீர்களா? போயிருக்கிறோம். 1938-ல் ஜப்பானின் படையெடுப்பில் சீனா ரணகளமாக இருந்தபோது, காங்கிரஸ் சார்பில் ஐந்து இந்திய டாக்டர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மகாராஷ்டிராவின் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ். மற்ற நால்வரும் பின்னர் ஊர் திரும்பினார்கள். கோட்னிஸ் திரும்பவில்லை. சீன மொழி கற்றார், அங்கேயே கல்யாணம் செய்தார், மருத்துவமனை நடத்தினார், அங்கிருந்தவர்களுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். 1942-ல் இறந்தபோது வயது 32 மட்டுமே. இன்றும் சீனாவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

நம்ம காலத்துக்கு வந்தால், 1971-ல் பிரான்ஸில் தொடங்கி, 1999-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு. அதன் சர்வதேசத் தலைவராக 2010 முதல் 2013 வரை இருந்தவர், கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் உன்னி கருணாகரா. இந்த அமைப்பில் படிப்பு முடித்து அனுபவம் பெற்றவர்களைத்தான் எடுக்கிறார்கள். பயணச் செலவும் சம்பளமும் அவர்களே தருகிறார்கள். அறுவை சிகிச்சை நிபுணர்களுக்குச் சில வாரங்கள் போதும். பொது மருத்துவர் என்றால் பல மாதங்கள் தங்கணும். காரணம் சிம்பிள். ஆபரேஷன் ஒரு நாளில் முடியும். பி.பி-யும் சர்க்கரையும் காசநோயும் ஒரு நாளில் முடியாது. இன்னொரு விஷயம், அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். வெளிநாட்டு டாக்டர் கிளம்பின பிறகு மூணாவது வாரத்தைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்கள்தானே!

அரூர் பக்கம் ஒரு குடிசை

'மூணாவது வாரம்' கேள்விக்கு நம்ம காலத்துப் பதில் ஒன்று, சேலத்திலிருந்து எட்டிப் போகிற தூரத்திலேயே இருக்கிறது. தருமபுரி மாவட்டம் அரூரைத் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கும் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. பிராண்ட் பாட்டி குதிரையில் சுற்றினாரே, அதே மலைகள்தான்.

டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி. கேரளத்தில் படித்த தம்பதி. வெளிநாடு போகாமல், டாக்டரே எட்டிப் பார்க்காத இடத்தைத் தேடி 1993-ல் இங்கே வந்தார்கள். அப்போது இங்கே பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே கிட்டத்தட்ட 50 கி.மீ. போகணும். ஆபரேஷன் என்றால் சேலம். மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளின் பூர்வகுடிகள்) சேர்ந்து கட்டிக்கொடுத்த ஒரு குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. ஒரு பல்பு வெளிச்சத்தில் பிரசவமும் பார்த்தார்கள், ஆபரேஷனும் செய்தார்கள்.

அந்தக் குடிசை பிறகு பெரிய மருத்துவமனையாகிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் ஆட்களைத் தயார்செய்த விதம். மலை கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணிகளைத் தேடிப்போய்ப் பார்ப்பது, குழந்தையின் எடையைக் கவனிப்பது, எந்தக் கேஸை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும் என்று கண்டுபிடிப்பது எல்லாம் அந்த ஊர்ப் பெண்கள்தான். குழந்தை மரணங்கள் பல மடங்கு குறைந்தன. அப்புறம் பார்த்தால், சாப்பாடு சரியில்லை, விவசாயத்தில் கடன், ஊரில் வேலை இல்லை என்று நோய்க்கு வேர் வேறெங்கோ ஓடியது. இயற்கை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். லம்பாடிப் பெண்களின் மறந்துபோன கைவேலைப்பாட்டை மீட்டு, அதை வருமானமாக்கினார்கள். ஜெஸ்ஸி மலைமேல் தச்சு வேலையும் ஓடு செய்வதும் கற்றுக்கொடுத்ததும் இதே கணக்கில்தான்.

அக்காவுக்கு நாலு கேள்விகள்

இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன். பேசிப் பேசி இரண்டு பேருமாக நாலு கேள்விகள் எழுதினோம். உங்கள் காலேஜ் முகாமுக்கும் பொருந்தும், கட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: உன்னை யார் கூப்பிட்டார்கள்? அந்த ஊர்க்காரர்களா, டிக்கெட் விற்கிறவர்களா?

இரண்டு: இங்கே உன்னைச் செய்யவிடாத ஒரு ஊசியை, ஒரு தையலை, அங்கே ஏழை என்பதால் செய்து பழகப் பார்க்கிறாயா? சேலத்தில் தப்பு என்றால் ஆப்பிரிக்காவிலும் தப்புதான்.

மூன்று: நோயாளி 'தலை சுத்துது' என்று சொன்னால் அவர் பாஷையில் உனக்குப் புரியுமா? புரியாவிட்டால், புரிய வைக்கும் உள்ளூர் ஆள் கூடவே இருக்கிறாரா?

நான்கு: அம்மாயியின் கேள்வி. நீ கொடுத்த பி.பி. மாத்திரை தீர்ந்தபிறகு அடுத்த மாத்திரையை யார் தருவார்?

அக்கா இதில் இரண்டாவது கேள்வியில்தான் ரொம்ப நேரம் நின்றாள். "உண்மையைச் சொல்லட்டுமாடா... அங்க போனா நிறைய கேஸ் கைல கிடைக்கும்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள். போனில் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் இருந்திருக்குமா, தெரியவில்லை.

நிலைமை இப்போது ஜெஸ்ஸி காலம் மாதிரி இல்லைதான். கொல்லிமலையில் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது. நாமக்கல்லுக்கே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால், 70 வளைவுகள் அப்படியேதான் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி எடுத்தால், மேலே ஒரு டாக்டர் தங்கியிருக்கிறாரா என்பதுதான் அந்த அம்மாவுக்கு முக்கியம். சுவரும் கட்டிலும் அரசாங்கம் போட்டுவிடும். தங்குவதற்கு ஆள்தானே வேணும்?

அக்கா ஆப்பிரிக்கா ஆசையை விடவில்லை. விடவும் வேண்டாம். ஆனால், அந்த இரண்டு வார முகாமுக்குப் பணம் கட்டவில்லை. முதலில் இங்கே மலைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருடம். அப்புறம் உருப்படியாக ஒரு அமைப்பு மூலம், குறைந்தது ஒரு வருடம் வெளிநாடு. இதுதான் இப்போதைய பிளான். பெரியம்மா மட்டும் இன்னும் 'கண்ணாலம்' பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

அம்மாயியிடம் விஷயத்தைச் சொன்னபோது, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"ரெண்டு வருசமா? செரி, போகட்டும். அந்த ஊர்ல கெணத்துக்குச் செவுரு இருக்குதான்னு மொதல்ல பாக்கச் சொல்லு!"